தங்கச்சிக்கு நர்சிங் சீட்: கட்டடத்தைப் பார்க்காதீங்க, கட்டிலை எண்ணுங்க

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற மே மாசத்துல எனக்கு வர்ற கேள்விகளில் பாதி வருமான வரி பத்தியே இருக்காது. "சார், தங்கச்சிக்கு நர்சிங் சீட் பேசியிருக்கோம். நாளைக்கே அம்பதாயிரம் கட்டச் சொல்றாங்க. பர்சனல் லோன் போடலாமா?" இதுதான் இருக்கும். கேக்குறவங்க சென்னையிலோ பெங்களூர்லயோ வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. வீட்டுல மாசச் சம்பளம் வாங்குற முதல் ஆள். காலேஜ் எதுன்னு அப்பாவும் மாமாவும் முடிவு பண்ணிடுவாங்க, பணம் மட்டும் இவங்க போன்ல இருந்து போகணும்.

பணம் உங்களோடதுன்னா கேள்வியும் உங்களோடதா இருக்கணும். அதனால இன்னைக்கு எந்த லோன் நல்லதுன்னு மட்டும் பேசாம, அந்த காலேஜ் அந்தப் பணத்துக்குத் தகுதியானதான்னு எப்படிப் பார்க்கிறதுன்னும் பேசுவோம். உதாரணத்துக்கு கடலூரையும் சிதம்பரத்தையும் எடுத்துக்கிறேன். சுமார் 45 கிலோமீட்டர் இடைவெளியில இருக்குற ரெண்டு ஊர். நர்சிங் காலேஜ் ஃபீஸ்ங்கிறது எதுக்கு வாங்குற விலைன்னு புரிஞ்சுக்க, சிதம்பரத்துல நடந்த மாதிரி தெளிவான உதாரணம் தமிழ்நாட்டுல வேற இல்லை.

அதே வார்டு, அதே டாக்டர், வேற ஃபீஸ்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல ஆரம்பிச்சது. அதோட வளாகத்துலயே 1985-ல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. நர்சிங்குக்கு ராணி மெய்யம்மை பேர்ல ஒரு காலேஜ். பல்கலைக்கழகம் பணச் சிக்கல்ல மாட்டினப்போ, 2013-ல தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தைக் கையில எடுத்துச்சு. சரி, அரசு எடுத்தாச்சு, ஃபீஸ் குறையும்னு எல்லாரும் நினைச்சாங்க. குறையலை. எம்.பி.பி.எஸ் மாணவர்கள்கிட்ட வருஷத்துக்கு 5.44 லட்சம் வாங்கினாங்க. அதே வருஷம் மத்த அரசு மருத்துவக் கல்லூரிகள்ல 13,610 ரூபாய்.

2020 டிசம்பர்ல மாணவர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. அம்பது நாளுக்கு மேல நடந்துச்சு. 2021 ஜனவரி கடைசியில அரசாணை வந்தது: மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, நர்சிங் காலேஜ் எல்லாம் உயர்கல்வித் துறையில இருந்து சுகாதாரத் துறைக்கு. அதுக்கப்புறம் அரசு கல்லூரிக் கட்டணம்தான்.

இதுல நான் பார்க்கிறது ஒரே விஷயம். அந்த ஒரு கையெழுத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆஸ்பத்திரி அதே ஆஸ்பத்திரி. ஆயிரத்துக்கும் மேல படுக்கை, அதே வார்டு, அதே பேராசிரியர்கள், சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வர்ற அதே நோயாளிகள். மாறினது உடைமையும் துறையும்தான். அதாவது ஃபீஸ்ல பெரும்பகுதி உங்க தங்கச்சி என்ன கத்துக்கப் போறாங்கிறதைச் சொல்றதில்லை. காலேஜ் யாரோடது, சீட் எந்த வழியா வந்ததுங்கிறதைத்தான் சொல்லுது. "ஃபீஸ் ஜாஸ்தின்னா நல்ல காலேஜா இருக்கும்"னு நம்ம வீட்டுல சொல்ற கணக்கு இந்தப் படிப்புல செல்லாது.

ஒரு சின்ன தகவல். இந்த மருத்துவக் கல்லூரியோட பேர்ல இப்போ 'கடலூர் மாவட்டம்'னு இருக்கும். இருக்குற இடம் சிதம்பரம் அண்ணாமலை நகர். கவுன்சிலிங் பட்டியல்ல கடலூர்னு பார்த்துட்டு "நம்ம வீட்டுல இருந்து மஞ்சக்குப்பம் போற தூரம்தான்"னு நினைச்சு தேர்வு பண்ணிடாதீங்க. தினமும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியா பஸ்ல போய் வரலாம்தான். ஆனா நர்சிங் படிப்புல காலையில சீக்கிரம் வார்டுக்குப் போகணும், பின் வருஷங்கள்ல நைட் டூட்டி வரும். அதனால ஹாஸ்டல் செலவை முதல் நாளே கணக்குல சேர்த்துடுங்க.

முதல்ல மூணு பட்டியல்

கட்டிலை எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு வடிகட்டி இருக்கு. நர்ஸா வேலை பார்க்கணும்னா படிச்சு முடிச்சா மட்டும் போதாது, மாநில நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணணும். அந்தப் பதிவு எண் இல்லாதவங்க சட்டப்படி நர்ஸ் கிடையாது. தமிழ்நாட்டுல இந்த ஏற்பாடு 1926-ம் வருஷச் சட்டத்துல இருந்தே இருக்கு. நாடு முழுக்கப் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்குறது 1947-ம் வருஷச் சட்டப்படி வந்த இந்திய நர்சிங் கவுன்சில். அதோட இடத்துல தேசிய ஆணையம் ஒண்ணு கொண்டுவர 2023-ல புதுச் சட்டம் போட்டிருக்காங்க. பேர் மாறினாலும் நீங்க பார்க்க வேண்டியது மாறாது.

பதிவு பண்ணக்கூடிய ஆரம்பப் படிப்பு மூணுதான். ஏ.என்.எம் ரெண்டு வருஷம், ஜி.என்.எம் டிப்ளமோ மூணு வருஷம், பி.எஸ்சி நர்சிங் நாலு வருஷம். திருப்பாதிரிப்புலியூர்லயும் சிதம்பரத்துலயும் மட்டுமில்லை, எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயும் "ஒரே வருடத்தில் நர்சிங், 100 சதவீத வேலை"ன்னு பேனர் தொங்கும். அது நர்சிங் உதவியாளர் மாதிரி ஒரு சான்றிதழ்ப் படிப்பு. அதைப் படிச்சுட்டு கிளினிக்ல வேலை பார்க்குறவங்க இருக்காங்க, உழைப்பைக் குறை சொல்லலை. ஆனா கவுன்சில் பதிவு கிடையாது, அரசு நர்ஸ் தேர்வு எழுத முடியாது, வெளிநாட்டுல நர்ஸா போக முடியாது. அதுக்கு நாப்பதாயிரம், அம்பதாயிரம் கட்டுறது என் பார்வையில பணத்தையும் ஒரு வருஷத்தையும் சேர்த்துத் தொலைக்கிறது.

பி.எஸ்சிக்கு மூணு இடத்துல பேர் இருக்கான்னு பாருங்க: இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளம், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பட்டியல், டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிப் பட்டியல். பேர் இருந்தா போதாது. எத்தனை சீட்டுக்கு அனுமதி, எந்த வருஷத்துக்கு அனுமதின்னு பாருங்க. 60 சீட்டுக்கு அனுமதி வாங்கிட்டு எண்பதாவது ஆளா உங்க தங்கச்சியைச் சேர்த்தா, பிரச்சனை வரும்போது மாட்டுறது தங்கச்சிதான்.

புதுச்சேரி பக்கத்துலயே இருக்கிறதால கடலூர்க்காரங்க அங்கேயும் பார்ப்பாங்க. அது வேற நிர்வாகம், வேற சேர்க்கை முறை. ஜிப்மர் பி.எஸ்சி நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் வேணும். தமிழ்நாட்டு கவுன்சிலிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான். நீட் எழுதியிருந்தா ராணுவ நர்சிங் சேவையையும் விட்டுடாதீங்க. படிப்புச் செலவு அவங்களோடது, அதுக்குப் பதிலா சேவை ஒப்பந்தம் உண்டு.

கட்டில் கணக்கு

நர்சிங் வகுப்பறையில படிக்கிற படிப்பு இல்லை. ஊசி போடுறதும், டிரிப் ஏத்துறதும், பிரசவ வார்டுல நிக்கிறதும் புத்தகத்துல வராது. பிரசவம் எத்தனை பார்த்தோம், எத்தனை பேரைப் பரிசோதிச்சோம்னு மாணவிங்க லாக் புக்ல எழுதி கையெழுத்து வாங்கணும். நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில அந்த லாக் புக் எப்படி நிரம்புதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிகள்ல ஒரு மாணவிக்குக் குறைஞ்சது மூணு நோயாளின்னு விகிதம் இருக்கு. படுக்கையில 75 சதவீதமாவது நிரம்பியிருக்கணும்னும் இருக்கு. இதை வச்சு ஒரு கணக்கு போடுவோம். காலேஜோட சொந்த ஆஸ்பத்திரியில 100 படுக்கைன்னு வச்சுக்குவோம். 75 சதவீதம் நிரம்பியிருந்தா 75 நோயாளி. ஒரு மாணவிக்கு மூணு பேர்னா ஒரே நேரத்துல 25 பேர்தான் அங்க கத்துக்க முடியும். காலேஜ்ல வருஷத்துக்கு 60 பேர், நாலு வருஷத்துக்கு 240 பேர். மீதிப் பேர் எங்க போறாங்க?

"அரசு ஆஸ்பத்திரியோட டை-அப் இருக்கு"ன்னு பதில் வரும். தப்பில்லை, விதிப்படி இணைப்பு ஆஸ்பத்திரி வச்சுக்கலாம். தூரத்துக்கும் வரம்பு இருக்கு, சாதாரணமா 15-ல இருந்து 30 கிலோமீட்டருக்குள்ள. ஆனா அதே அரசு ஆஸ்பத்திரிக்கு இன்னும் எத்தனை காலேஜ் மாணவிங்களை அனுப்புதுன்னு கேளுங்க. ஒரு கட்டிலைச் சுத்தி மூணு யூனிஃபார்ம் கலர் நின்னா, கடைசி வரிசையில நிக்கிற பொண்ணு நோயாளியோட காலைத்தான் பார்ப்பா.

ஆடிட்ல நாங்க ஸ்டாக் ரிஜிஸ்டரை மட்டும் நம்ப மாட்டோம். குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணுவோம். நீங்களும் அதையே செய்யுங்க. ஒரு வேலை நாள், காலையில பத்து மணிக்குத் தங்கச்சியோட போங்க. ஆபீஸ் ரூம்ல உக்காராதீங்க. ஓ.பி சீட்டு வாங்குற இடத்துல எவ்வளவு கூட்டம்னு பாருங்க. வார்டுல கட்டில் இருக்கா, கட்டில்ல ஆள் இருக்கா, பிரசவ வார்டு நடக்குதான்னு பாருங்க. வெளியே டீக்கடையில மூணாம் வருஷப் பொண்ணுங்ககிட்ட "போஸ்டிங் எங்கம்மா போறீங்க, பஸ்ஸுக்குத் தனியா காசா?"ன்னு ஒரு கேள்வி கேட்டா, ப்ரோஷர்ல இல்லாத ரெண்டு செலவும் ஒரு உண்மையும் வெளிய வரும்.

போன வருஷம் முடிச்ச மூணு பேரோட போன் நம்பரையும் வாங்கிக்கங்க. எங்க வேலை, கையில எவ்வளவு வருதுன்னு கேளுங்க. காலேஜ் சுவத்துல ஒட்டியிருக்கிற போட்டோவில இருக்குறவங்க வேண்டாம்.

மே மாசத்துக்கும் அக்டோபருக்கும் நடுவுல

பணம் தொலையுறது பெரும்பாலும் இந்த இடைவெளியிலதான். ரிசல்ட் மே மாசம் வருது. மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு நடத்துற துணை மருத்துவப் படிப்பு கவுன்சிலிங் முடிய செப்டம்பர், அக்டோபர் கூட ஆகும். அரசு காலேஜ் சீட்டும் அதுலதான், தனியார் காலேஜ்ல அரசு ஒதுக்கீட்டு சீட்டும் அதுலதான். தனியார் காலேஜுக்கு இது நல்லாத் தெரியும். அதனால ஜூன்லயே "சீட் முடிஞ்சிடும்"னு அட்வான்ஸ் கேப்பாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு பேக் தூக்கிட்டு காலேஜ் போறப்போ நம்ம பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கிறதைப் பார்க்கிற அம்மாவோட பயம்தான் அவங்களோட மார்க்கெட்டிங் பட்ஜெட்.

கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்காம மேனேஜ்மென்ட் சீட் எடுக்காதீங்க. ஒரே சமயத்துல ரெண்டும் வேணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி "கவுன்சிலிங்ல கிடைச்சு விலகினா எவ்வளவு திரும்பும்"னு எழுத்துல வாங்குங்க. யுஜிசி 2018 அறிவிப்புல இதுக்கு ஒரு அளவு இருக்கு. சேர்க்கையோட கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடி விலகினா முழுப் பணம், அதுக்குள்ள விலகினா 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள்ளன்னா 80, முப்பது நாளுக்குள்ளன்னா 50, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. ஒரிஜினல் சான்றிதழைப் பார்த்துட்டுத் திருப்பித் தரணும், பிடிச்சு வைக்கக் கூடாதுன்னும் அதே அறிவிப்புல இருக்கு. மார்க்‌ஷீட்டை வாங்கி பீரோவுல பூட்டுற காலேஜ்ல இருந்து கவுன்சிலிங் சீட்டுக்குப் போறது ரொம்பக் கஷ்டம். பூட்டுறதே அதுக்குத்தான்.

ரொக்கமா கேட்டா கொடுக்காதீங்க. 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம். அதனாலதான் சில இடத்துல தொகையை உடைச்சு வாங்குவாங்க. "டொனேஷன்னு டிரஸ்ட் பேர்ல ரசீது தர்றோம், உங்களுக்கு 80ஜி-யில டாக்ஸ் மிச்சம்"னு சொன்னா, அது இன்னும் மோசம். சீட்டுக்காகக் கொடுத்தது நன்கொடை ஆகாது. அந்த ரசீதை வச்சு வரி விலக்கு கேட்டா நாளைக்கு நோட்டீஸ் வர்றது உங்களுக்கு. அதோட கட்டாய நன்கொடையையே தமிழ்நாட்டுல 1992-ம் வருஷச் சட்டம் தடை பண்ணியிருக்கு. தனியார் காலேஜ் எவ்வளவு வாங்கலாம்னு கட்டண நிர்ணயக் குழு ஆணை போட்டிருக்கும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லுங்க.

அரசு உதவிகள்ல ரெண்டைச் சொல்றேன். தங்கச்சி ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. 2024 டிசம்பர்ல இருந்து அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் உண்டு. இன்னொண்ணு முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை. இதுல நிறைய பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. நீங்க டிகிரி முடிச்சவர்னா உங்க தங்கச்சி முதல் பட்டதாரி இல்லை. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தாலே அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அதை நம்பி பட்ஜெட் போட்டுடாதீங்க. எஸ்சி, எஸ்டி மாணவிகளுக்கு உதவித்தொகை இருக்கு, வருமான வரம்பு 2.5 லட்சம். ஆனா மத்திய அரசு வழிகாட்டுதல்படி மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது வராது. இடைத்தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

இப்போ லோன்

எண்களுக்கு வருவோம். இது என்னோட உதாரணம், உங்க காலேஜ் எண்ணைப் போட்டு மாத்திக்கங்க. மேனேஜ்மென்ட் சீட், ஃபீஸ், ஹாஸ்டல், யூனிஃபார்ம், பஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 1.75 லட்சம். நாலு வருஷத்துக்கு 7 லட்சம். கவுன்சிலிங் சீட், ஹாஸ்டலோட சேர்த்து வருஷம் 50,000. நாலு வருஷத்துக்கு 2 லட்சம். கல்விக் கடன் வட்டி 10 சதவீதம். படிக்கிற நாலு வருஷமும் அடுத்த ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், தனிவட்டி மட்டும் ஏறும்.

7 லட்சத்துக்கு அஞ்சு வருஷத்துல ஏறுற வட்டி 2.45 லட்சம். தவணை ஆரம்பிக்கும்போது கடன் 9.45 லட்சம். பத்து வருஷம்னா இ.எம்.ஐ சுமார் 12,500. பதினஞ்சு வருஷமா நீட்டினாலும் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. 2 லட்சக் கடன் 2.70 லட்சம் ஆகும், பத்து வருஷத்துக்கு இ.எம்.ஐ சுமார் 3,570.

இந்த எண்ணைச் சம்பளத்துக்குப் பக்கத்துல வைங்க. உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைச்ச நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலகூட நர்ஸுக்கு மாசம் 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு 2016-ல பரிந்துரை பண்ணுச்சு. கேரளா 2018-ல அதைக் குறைந்தபட்சச் சம்பளமா அறிவிச்சது. பரிந்துரை வேற, ஆஃபர் லெட்டர் வேற. அதனாலதான் அந்த மூணு போன் நம்பர். அரசு வேலை பத்தியும் ஒரு வார்த்தை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல தேர்வு வச்சு எடுத்த ஆயிரக்கணக்கான நர்ஸுங்களுக்கு ஆரம்பத்துல கொடுத்தது தொகுப்பூதியம், மாசம் 7,700. 2017 நவம்பர்ல அவங்க சென்னையில போராட்டம் பண்ணாங்க, பிறகுதான் ஏறுச்சு. அரசு வேலைன்னா முதல் மாசமே முழுச் சம்பளம்னு நினைச்சு இ.எம்.ஐ போடாதீங்க.

தங்கச்சி 15,000 சம்பளத்துல 12,500 இ.எம்.ஐ கட்ட முடியாது. அப்போ யார் கட்டுவா? நீங்க. உங்க கல்யாணம், உங்க வீட்டுக் கடன் எல்லாம் வர்ற அதே வருஷங்கள்ல. நான் இதைப் பயமுறுத்தச் சொல்லலை. 7 லட்சக் கடன் உங்க கடன்னு தெரிஞ்சு எடுங்கன்னு சொல்றேன்.

கணக்கு இப்படி வந்தா ஜி.என்.எம் பக்கமும் பாருங்க. மூணு வருஷம், செலவு குறைவு, அரசு நர்ஸ் தேர்வுக்கு அதுவும் தகுதிதான். பின்னால ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிச்சு பட்டமும் வாங்கலாம். கவுன்சிலிங்ல பி.எஸ்சி கிடைச்சா கண்ணை மூடிட்டு பி.எஸ்சி. ஆனா 7 லட்சக் கடன்ல ஆள் இல்லாத ஆஸ்பத்திரியோட பி.எஸ்சியா, கூட்டம் இருக்குற ஆஸ்பத்திரியோட ஜி.என்.எம்மான்னு வந்தா, நான் ஜி.என்.எம்னு சொல்வேன். சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, தெரியும்.

பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். 14 சதவீதத்துல வருஷா வருஷம் 1.75 லட்சம், அஞ்சு வருஷத் தவணைன்னு எடுத்தா, முதல் வருஷம் இ.எம்.ஐ 4,070 மாதிரி சின்னதாத் தெரியும். நாலாவது வருஷம் நாலு லோன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி 16,300 ஆகும். 32,000 சம்பளத்துல பாதி. கல்விக் கடன்ல 4 லட்சம் வரை உங்க பங்கு எதுவும் கேக்க மாட்டாங்க, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது. அப்பா, அம்மா குடியிருக்கிற ஊர் கிளையில தங்கச்சி பேர்ல, அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரரா விண்ணப்பம் போடுங்க. வித்யாலட்சுமி போர்ட்டல்ல போட்டா விண்ணப்பத்துக்கு ஒரு எண் இருக்கும், கிளையில "ஃபார்ம் வரலை"ன்னு சொல்ல முடியாது. நீங்க இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போட்டா அந்த முழுக் கடனும் உங்க சிபில் ரிப்போர்ட்ல வரும். பேங்க் வற்புறுத்தினா போட வேண்டி வரலாம், ஆனா நீங்களா முன்வந்து போடாதீங்க.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலமும் அடுத்த ஒரு வருஷமும் ஏறுற வட்டியை மத்திய அரசே கட்டுற திட்டம் இருக்கு. நம்ம உதாரணத்துல அது 2.45 லட்சம். இ.எம்.ஐ 12,500-ல இருந்து 9,250 ஆகும். நாக் அங்கீகாரத்துக்குள்ள வராத நர்சிங் காலேஜா இருந்தா நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கணும்னு அதுல நிபந்தனை. அந்த மூணு பட்டியலைப் பார்க்கிறதோட மதிப்பு எவ்வளவுன்னு இப்போ தெரியுதா? தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் வாங்கும்போது யாரோட வருமானம் சேர்த்து எழுதுறாங்கன்னு கவனிங்க. உங்க 32,000 சேர்ந்தா வரம்பு தாண்டிடலாம்.

வரி மிச்சமாகுமா?

ஆகாது. கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு தர்ற 80இ பிரிவுல தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைங்களுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்குன்னுதான் இருக்கு. தங்கச்சி அந்த வரிசையில இல்லை. 80சி-யில வர்ற டியூஷன் ஃபீஸும் சொந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும். அதோட புது வரி முறையில ரெண்டுமே கிடையாது. 2025-26-ல இருந்து புது முறையில 12 லட்சம் வரை, சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லைங்கிறதால, நம்மில் பலருக்கு இந்தக் கழிவால பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. 2025-ம் வருஷ வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல இருந்து வர்றதால பிரிவு எண்கள் மாறும், பழகின பேர்லயே இங்க சொல்றேன். நல்ல செய்தி ஒண்ணு: தங்கச்சி கணக்குல நீங்க போடுற பணத்துக்கு அவளுக்கு வரி இல்லை. கூடப் பிறந்தவங்க கொடுக்கிறது பரிசுதான், எவ்வளவா இருந்தாலும்.

உங்களால முடிஞ்ச உதவியை எங்க போடுறதுன்னா, வட்டி மானியம் கிடைக்காத வீட்டுல, படிக்கிற காலத்து வட்டியை மாசாமாசம் நீங்க கட்டுங்க. நம்ம 7 லட்ச உதாரணத்துல முதல் வருஷம் மாசம் 1,460 ரூபாய், ரெண்டாவது வருஷம் 2,920, மூணாவது 4,375, நாலாவதும் அஞ்சாவதும் 5,835. உங்க சம்பளம் ஏற ஏற இதுவும் ஏறும். இப்படிக் கட்டினா பல பேங்க்ல வட்டியில ஒரு சதவீதம் குறைப்பாங்க, சேங்ஷன் லெட்டர்ல அந்த வரி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. தங்கச்சி வேலைக்குப் போற அன்னைக்குக் கடன் 9.45 லட்சமா இருக்காது, 7 லட்சமாவே நிக்கும். பணத்தை அவ கையில கொடுக்காம, கடன் கணக்குக்கே உங்க கணக்குல இருந்து மாசம் 5-ம் தேதி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுடுங்க.